பூச்சு மருந்து ஏன் டியூப்பிலேயே மிஞ்சுகிறது?

சொரியாசிஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. நிர்ப்பீடனத் தொகுதியின் கோளாறினால் தோல் கலங்கள் வழமையைவிட வேகமாகப் பெருகி, தடித்துச் செதில் செதிலாக உதிர்கின்றன. இதற்கு முற்றான குணமில்லை, கட்டுப்பாடு உண்டு. இது வலியும் முடக்கமும் தரும் நாட்பட்ட நோய் என்பதை உலக சுகாதாரப் பேரவை 2014ஆம் ஆண்டுத் தீர்மானமொன்றில் ஏற்றுக்கொண்டது.

நோயின் தாக்கம் குறைவாக உள்ளவர்களுக்கு முதற் சிகிச்சை பூச்சு மருந்துதான். ஆனால், அது தோலுக்குப் போய்ச் சேர்கிறதா? 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மருந்து மூடி திறக்கப்படும் ஒவ்வொரு தடவையையும் பதியும் கருவியைப் பொருத்தி 8 வாரங்கள் கவனித்தார்கள். நோயாளிகள் குறிப்பேட்டில் எழுதியதைவிட மூடி திறந்த தடவைகள் குறைவு. வாரங்கள் செல்லச் செல்ல அவை மேலும் குறைந்தன.

இதன் விளைவு சிறியதல்ல. பூசப்படாத மருந்து 'வேலை செய்யாத மருந்து' என்று கணக்கில் ஏறுகிறது. அடுத்ததாக, ஈரலையும் இரத்தத்தையும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டிய மெதொட்றெக்சேட் போன்ற மாத்திரைகளுக்குப் போக நேரிடலாம்.

என் மாமா ஒருவரின் அலுமாரியில் பாதி தீர்ந்த டியூப்கள் பல கிடந்தன. அவர் சோம்பேறியல்ல. களிம்பு சேர்ட்டில் ஒட்டியது, தார் கலந்த மருந்து மணத்தது, முதுகுக்குக் கை எட்டவில்லை. ஸ்டெரொயிட் தோலைத் தின்றுவிடும் என்று யாரோ சொல்லியுமிருந்தார்கள். இவற்றைக் கேட்டறிய வைத்தியருக்கு நேரமிருப்பதில்லை. கிளினிக்கில் இதைக் கேட்கக்கூடியவர் தாதிய உத்தியோகத்தரே.

கேள்வியை மாற்றுவது

"ஒழுங்காப் பூசுறீங்களா?" என்று கேட்டால் "ஓம்" என்ற பதில்தான் வரும். "தினமும் பூசுறது நிறையப் பேருக்குக் கஷ்டம். போன கிழமை எத்தனை நாள் விடுபட்டது?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். குற்றஞ்சாட்டாத கேள்விக்குத்தான் நோயாளி காரணத்தைச் சொல்வார்.

விரல்நுனி அளவு

எவ்வளவு பூசுவது என்பதைக் கையில் காட்டிக் கொடுக்க வேண்டும். பிரித்தானியாவில் 1991இல் அறிமுகமான 'விரல்நுனி அளவு' இதற்கு உதவும். வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை டியூப்பைப் பிதுக்கினால் சுமார் 0.5 கிராம் வரும். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். ஒரு கை முழுவதற்கும் 3 அளவு, ஒரு காலுக்கு 6, முதுகுக்கு 7 தேவை.

ஒரு கை முழுவதும் தினம் இரு தடவை பூசினால் நாளுக்கு 3 கிராம். 30 கிராம் டியூப் பத்து நாளில் முடிந்துவிடும். அடுத்த கிளினிக் ஒரு மாதத்தின் பின் என்றால் மருந்து போதாது. 2022 நெருக்கடிக்குப் பின் மருந்தை வெளியில் வாங்க நேர்ந்த பலர் மிச்சம் பிடித்துத்தான் பூசுகிறார்கள். இந்தக் கணக்கைத் தாதி வைத்தியரிடம் சொன்னால் மருந்தின் அளவைத் திருத்தலாம். மருந்தைச் சிறு டப்பாவில் கொடுக்கும்போது, அந்த அளவை விரலில் எடுத்துக் காட்டுவது அவசியம்.

பயத்துக்குப் பதில்

ஸ்டெரொயிட் பற்றிய பயம் முழுவதும் பொய்யல்ல. வீரியமானதை நீண்டகாலம் பூசினால் தோல் மெலியும். முகத்திலும் அக்குள், தொடை மடிப்புகளிலும் ஆபத்து அதிகம். "பயப்படாதீங்க" என்பது இதற்குப் பதிலாகாது. எந்த இடத்தில், எத்தனை தடவை, எந்தத் திகதிவரை என்று கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதிக் கொடுப்பதே பதில். சடுதியாக நிறுத்தினால் நோய் மீண்டும் கிளம்பக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கல்சிபொற்றியோலையும் சலிசிலிக் அமிலத்தையும் ஒரே நேரத்தில் பூசக்கூடாது. அமிலம் மற்றதைச் செயலிழக்கச் செய்துவிடும். பரஃபின் கலந்த ஈரப்பத களிம்புகள் ஊறிய துணி இலகுவில் தீப்பற்றும். அடுப்பு, குப்பி விளக்கு, சிகரெட் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்கச் சொல்ல வேண்டும்.

நாளாந்த வாழ்வில் ஒரு இடம்

வயலுக்கோ கடலுக்கோ போகிறவரிடம் காலையில் பிசுபிசுப்பான களிம்பைப் பூசச் சொல்வதில் பயனில்லை. வைத்தியரின் சம்மதத்துடன் பகலுக்குக் கிறீம், இரவுக்குக் களிம்பு என்று மாற்றலாம். மாலைக் குளிப்புக்குப் பின் பூசுவது என்று வைத்துக்கொண்டால் மறதி குறையும். முதுகுக்கு யார் பூசுவார்கள் என்பதையும் கேட்க வேண்டும். வீட்டாரே தொடத் தயங்கினால், இது தொற்றாது என்று அவர்களையும் அழைத்து விளக்குவது சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

முதல் இரு வாரங்களுக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு பெரிய உதவி. அடுத்த திகதி நெருங்கும்போதே பலர் மருந்தை மீண்டும் கையில் எடுக்கிறார்கள்.

நெரிசல் நிறைந்த கிளினிக்கில் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் கிடைக்காது என்பது உண்மை. ஆனால், காத்திருப்போர் வாங்கில் பத்துப் பேருக்கு ஒன்றாக விரல்நுனி அளவைக் காட்டலாம். அதற்கு ஒரு டியூப் கிறீமும் ஒரு விரலும் போதும்.