சாய்ந்த சக்கரம்



சில ஆண்டுகளுக்கு முன், காட்சிக் கலைக் கல்விப் பாடத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பந்தய மகிழுந்து ஒன்றை வரைந்தான். சக்கரங்கள் நீள்வட்டமாக முன்னோக்கிச் சாய்ந்திருந்தன. "சக்கரம் வட்டமல்லவா?" என்று கேட்டு அழித்து வரையச் சொன்னேன். "வேகமா போகுது டீச்சர்" என்றான். ஆயினும் அழித்தான். வட்டம் போட்டதும் வண்டி நின்றுகொண்டிருப்பது போலாயிற்று.

அவன் வரைந்தது தவறன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். பிரான்சு நாட்டின் ழாக் ஆன்றி லார்த்திக் (1894-1986) இளைஞராக இருந்தபோது எடுத்த பந்தய நிழற்படத்திலும் சக்கரம் அவ்வாறே சாய்ந்திருக்கிறது. அவர் பயன்படுத்தியது 9 x 12 செ.மீ. கண்ணாடித் தகடு செருகும் பெரிய கேமரா. ஒரு தகட்டில் ஒரே படம். அடுத்த படத்திற்குத் தகட்டை மாற்றியாக வேண்டும். அதற்குள் வண்டி போயே போய்விடும்.

அக்கேமரா முழுத் தகட்டையும் ஒரே சமயத்தில் ஒளிக்குத் திறப்பதில்லை. தகட்டின் முன் ஒரு திரை; அதில் குறுகிய பிளவு. பிளவு மேலிருந்து கீழே ஓட ஓடப் படம் பட்டை பட்டையாகப் பதியும். கேமராவினுள் காட்சி தலைகீழாக விழுவதால் தரை முதலிலும் மேற்பகுதி சற்றுப் பின்னரும் பதிந்தன. அவ்விடைவெளியில் வண்டி முன்னேறிவிட்டது. எனவே சக்கரத்தின் உச்சி முன்னே சாய்ந்தது. லார்த்திக் வண்டியைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பினார், வேகம்தான் போதவில்லை. அதனால் அசையாது நின்ற பார்வையாளர்கள் எதிர்ப்புறம் சாய்ந்தனர்.

வண்டியின் முன்பகுதியும் படத்தில் அடங்கவில்லை. சரியாக வராத படமென்று அதனை ஒதுக்கிவைத்தார். 1963-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 69. அதன்பின் உலகமே அவரை அறிந்தது.

வரலாறு கற்பிக்கும் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. இப்படம் நெடுங்காலம் 1912-ஆம் ஆண்டுக்குரியதாகவே நூல்களில் அச்சிடப்பட்டது. ஆய்வாளர்கள் வண்டியின் 6 என்ற எண்ணைப் பந்தயப் பதிவுகளோடு ஒப்பிட்டு, அது 1913-இல் அமியான் நகரருகே நடந்த பந்தயம் என்று கண்டனர். எடுத்தவர் உயிரோடிருந்தும் ஆண்டு பிழையாகவே நிலவியது!

அண்மையில் பினாங்குப் பாலத்தைக் கடக்கையில் என் மகள் கைப்பேசியில் படமெடுத்தாள். விளக்குக் கம்பங்கள் யாவும் சாய்ந்திருந்தன. கைப்பேசியும் காட்சியை வரிவரியாகத்தான் பதிகிறது.

அம்மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். அவனுடைய வரைதாள் இன்னும் என்னிடமே இருக்கிறது. வட்டங்களுக்கு அடியில், அழிப்பானின் தடத்தினூடே, பழைய சக்கரங்கள் மங்கலாகத் தெரிகின்றன.