மாரிஸ் மைனரும் ஜாக்கிக் குழாயும்

மோட்டார் வாகனத்தின் ஆரம்ப காலத்தில், காரைத் தூக்கி நிறுத்துவதற்கென்று அதன் உடலில் தனியாக ஓர் இடம் ஒதுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நெடிய இரும்புச் சட்டங்கள் இரண்டைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்த சேஸிஸ் ஒன்றே எஞ்சினையும் உடலையும் பிரயாணிகளையும் சுமந்து நின்றமையால், டயர் பஞ்சரானவர் அச்சுக்கு அடியிலோ சட்டத்துக்கு அடியிலோ ஜாக்கியை வைத்துத் திருகினால் காரியம் முடிந்துவிடும். 1930களில் இங்கிலாந்தின் உயர்ந்த ரகக் கார்கள் சிலவற்றில் ‘ஜாக்கால்’ என்ற விசேஷ ஏற்பாடுகூட இருந்தது. காரோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட ஹைட்ராலிக் ஜாக்கிகள் பம்பை அசைத்தவுடன் தரையை நோக்கி இறங்கி வண்டியை உயர்த்தும். அவற்றையும் தாங்கியது அந்தச் சேஸிஸின் பலமே.

1922இல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டாவும், 1934இல் பிரான்சின் சித்ரோயன் டிராக்ஷன் அவாந்தும் இந்தப் பழைய முறையைக் கைவிட்டன. தனிச் சேஸிஸை நீக்கிவிட்டு, மடித்து வளைத்த தகடுகளையே ஒன்றோடொன்று இணைத்துப் பெட்டிபோல் ஆக்கி, உடலே பாரத்தைச் சுமக்குமாறு செய்த இந்த மோனோகாக் முறையினால் காரின் எடை குறைந்தது. ஆனால் கண்ட இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கும் சுதந்திரமும் அதனோடு போயிற்று. மெல்லிய தளத்தகட்டின் நடுவில் ஜாக்கியை வைத்தால் கார் எழும்பாது, தகடுதான் குழியும். ஆகவே பாரத்தைத் தாங்கவல்ல இடம் எது என்பதைத் தொழிற்சாலையே தீர்மானித்து, அங்கே ஒரு தாங்கியைப் பொருத்தித் தர வேண்டியதாயிற்று.

இதற்கு நல்ல உதாரணம் மாரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த இந்தச் சிறிய கார், 1960 முடிவதற்குள் பத்து லட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் என்ற கீர்த்தியைப் பெற்றது. மாதிரிக் காரின் அகலம் போதவில்லை என்று அதை நீளவாக்கில் இரு பாதியாக அறுத்து, 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அகலமே சரி என்று இஸிகோனிஸ் நிச்சயித்த கதை பிரசித்தமானது. காரின் நடுவே இடம்வலமாகச் செல்லும் பெட்டி வடிவக் கிராஸ் மெம்பர் ஒன்றில், முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் வந்து பற்றிக்கொள்கின்றன. அதே கிராஸ் மெம்பரின் இரு கோடிகளிலும் ஜாக்கி நுழையும் குழாய்கள் உள்ளன. பக்கவாட்டிலிருந்து ஜாக்கியின் கையை அதற்குள் செருகித் திருகினால், அந்தப் பக்கத்து முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டும் சேர்ந்தே தரையை விட்டு எழும்பும்.

வெளியே வாய் திறந்த இந்தக் குழாய்க்குள், பனிக்காலத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் தூவப்படும் உப்பும், சக்கரம் வாரியடிக்கும் சேறும் புகுந்து, வெளியேற வழியின்றித் தங்கிவிட்டன. துரு உள்ளிருந்தே தின்றதால், மேலே பெயிண்ட் பளபளத்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே அடியில் குழாய் உளுத்துப்போயிற்று. அத்தகைய காரை நம்பிக்கையோடு ஜாக்கியில் ஏற்றியவர், கார் அசையாமல் ஜாக்கியின் கை மட்டும் தளத்தைக் கிழித்துக்கொண்டு மேலேறுவதைக் கண்டு திகைக்க நேர்ந்தது.

பழைய கார்களுக்கான கட்டாயப் பரிசோதனை பிரிட்டனில் 1960இல் ஏற்பட்டது. தொடக்கத்தில் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றை மட்டும் பார்த்த அந்தப் பரிசோதனை, பிற்காலத்தில் உடலின் துருவையும் பார்க்கத் தொடங்கியது. துருவை வெட்டி எறியாமல் அதன்மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து, சான்றிதழை வாங்கிக்கொண்டு போவது பலருக்கு வழக்கமாயிற்று. இன்று ஒரு மைனரின் அடிப்பகுதியைச் சுரண்டினால் ஒட்டின்மேல் ஒட்டாகப் பல தகடுகள் வெளிப்படுவது இதனால்தான். இந்த ஒட்டுவேலையைப் பழுதுபார்த்தல் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. உளுத்த தகட்டைப் பற்றிக்கொண்டிருக்கும் வெல்டிங்குக்கு எங்கிருந்து பலம் வரும்?

முறையாகச் செய்பவர்கள் முதலில் முறுக்குக் கம்பியின் விசையைத் தளர்த்துவார்கள். காரைச் சமமாக நிறுத்திப் பாரத்தைத் தாங்கிகளில் ஏற்றிய பிறகே வெட்டத் துணிவார்கள். கதவு வாசலில் குறுக்குக் கம்பியைத் தற்காலிகமாக வைத்து வெல்டிங் செய்யாமல், கதவுக்கு அடியில் ஓடும் ‘சில்’ பகுதியையும் கிராஸ் மெம்பர் முனையையும் அறுத்தால், கார் நடுவில் தொய்ந்து, பிறகு கதவு ஒருபோதும் சரியாக மூடாது. கூரைத் தகடு இல்லாத கன்வெர்டிபிள் மைனரில் இந்த அபாயம் இன்னும் அதிகம். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

இந்த உழைப்பில் இலங்கைக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களுக்கென்றே ஒரு மையம் நடத்திய சார்ல்ஸ் வேரின் முயற்சியால், மைனருக்கு வேண்டிய மாற்றுத் தகடுகளைச் செய்து பிரிட்டனுக்கு அனுப்பும் பட்டறை ஒன்று இலங்கையில் ஏற்பட்டது. காரைப் பிறப்பித்த தேசத்துக்கு வேண்டிய வேலையை அந்தத் தீவின் தொழிலாளர் கரங்கள் ஏற்றுக்கொண்டன.

ட்ராலி ஜாக்கி பட்டறைதோறும் இருக்கும் இக்காலத்தில் பழைய குழாய் எதற்கு, அதை அறுத்துவிட்டு அடியைச் சமமாக மூடிவிட்டால் துருவுக்கும் இடமில்லையே என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். துருவைப் பற்றிய அவர்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் குழாயை எடுத்தவர் பெரும்பாலும் அது பொருந்தியிருந்த கிராஸ் மெம்பர் முனையையும் குறைத்தே மூடுகிறார் என்பதையும், சேஸிஸ் மறைந்த யுகத்தின் அடையாளம் ஒன்று அந்தக் காரிலிருந்து அழிந்துபோகிறது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. குழாயைப் புதிதாகச் செய்து வைத்து, உள்ளே மெழுகு பாய்ச்சி, வாயை ரப்பர் அடைப்பால் மூடுவதே தக்க வழி என்பது என் அபிப்பிராயம். வேலை முடிந்த பின் பழைய ஜாக்கியை அதில் செருகி ஒரு முறை காரைத் தூக்கிப் பாருங்கள். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.