நுரையீரல் புற்றுநோய்: புகை, வயது, பாலினம்

நுரையீரல் புற்றுநோய் என்றாலே, பல ஆண்டுகள் பீடி குடித்த முதியவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். அது பாதி உண்மைதான். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில், கரியாலூர் போன்ற ஊர்களில் விறகடுப்பின் முன் அமரும் பெண்களையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புகை: இந்நோய்க்கு முதல் காரணம் புகைப்பழக்கம். இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் இருவரும் 1950இல் வெளியிட்ட ஆய்வு இத்தொடர்பைத் தெளிவாகக் காட்டியது. சிகரெட் புகைப்பவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவரைவிட 15 முதல் 30 மடங்கு அதிகம். பீடியும் பாதுகாப்பானதல்ல.

வயது: புகையால் செல்களில் ஏற்படும் சேதம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் 50 வயதுக்குப் பிறகே நோய் அதிகம் தெரிகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2012இல் வெளியிட்ட 489 நோயாளிகள் பற்றிய ஆய்வில் இடைநிலை வயது 56. அமெரிக்காவில் அது சுமார் 70.

பாலினம்: 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஆண்களில் 19 சதவீதமும் பெண்களில் 2 சதவீதமும் புகைக்கிறார்கள். நோயாளிகளிலும் ஆண்களே அதிகம். ஆனால் டாடா ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர் புகைக்காதவர்கள். பிறர் விடும் புகையும் காற்று மாசும் புற்றுநோய்க் காரணிகள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துள்ளது. வீட்டு விறகடுப்புப் புகையும் காரணியாக இருக்கக்கூடும் என்கிறது.

ஆகவே, "புகைத்ததே இல்லையே" என்று நம் வீட்டுப் பெண்களின் இருமலை அலட்சியம் செய்யக் கூடாது. இரண்டு வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், காரணமின்றி எடை குறைதல், குரல் கம்மல் இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காசநோய்க்கும் இதே அறிகுறிகள் உண்டு. காச மருந்து சாப்பிட்டும் குணம் தெரியாவிட்டால், சி.டி. ஸ்கேன் தேவையா என்று தயங்காமல் கேளுங்கள். மலையிலிருந்து கீழே இறங்கினால் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்.

ரமலானில் பகல் முழுதும் புகைக்காமல் இருக்க முடிந்தவருக்கு, முழுவதும் விடவும் முடியும். புகையை விட்டு 10, 15 ஆண்டுகளில் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறையும். உதவிக்கு, கட்டணமில்லாத் தேசிய எண் 1800 11 2356.