மேற்கோட் கணக்கும் சத்திரசிகிச்சை வரலாறும்

சத்திரசிகிச்சை நிபுணரொருவரின் ஆய்வுப் பணியை எவ்வாறு மதிப்பிடுவது? அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளனர் என எண்ணுவதே இன்று பல பல்கலைக்கழகங்களின் வழக்கமாகும். நியமனம், பதவியுயர்வு, ஆய்வுநிதி ஆகியனவும் இவ்வெண்ணிக்கையோடு பிணைக்கப்படுகின்றன. இவ்வளவுகோல் எத்தேவையிலிருந்து தோன்றியது, எதனை அளக்கத் தவறுகின்றது என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்தல் அவசியமாகும்.

1955இல் யூஜின் கார்பீல்ட் 'சயன்ஸ்' சஞ்சிகையில் மேற்கோட் சுட்டி பற்றிய தமது திட்டத்தை வெளியிட்டார். முன்னைய தீர்ப்பொன்று பின்னர் ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என அறிய அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873 முதல் பயன்படுத்திய சுட்டியே அவருக்கு முன்மாதிரியாயிற்று. பிலடெல்பியாவில் அவர் நிறுவிய தாபனம் 1964இல் விஞ்ஞான மேற்கோட் சுட்டியை வெளியிட்டது. கருத்தொன்றின் வழித்தடத்தைத் தேட உதவுவதே அதன் முதல் நோக்கமாகும். தேடலுக்குப் பிறந்த கருவி காலப்போக்கில் மனிதரைத் தரப்படுத்தும் கருவியாயிற்று. 2005இல் பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹேர்ஷ் எச்-சுட்டெண்ணை முன்மொழிந்தார். ஒருவரின் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பின் அவரது சுட்டெண் இருபதாகும். பௌதிகவியலிற் பிறந்த இவ்வெண் விரைவிலேயே சத்திரசிகிச்சைத் துறைகளையும் வந்தடைந்தது.

இவ்வளவுகோலை ஒரு வரலாற்று நிகழ்ச்சியிற் பொருத்திப் பார்ப்போம். 1944 நவம்பர் 29ஆம் திகதி, பால்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில், பிறவி இதயக் குறைபாட்டால் நீலம் பாரித்த குழந்தையொன்றுக்கு அல்பிரட் பிளலொக் சத்திரசிகிச்சை செய்தார். அவருக்குப் பின்னால் ஒரு படிமேடையில் நின்று வழிகாட்டியவர் விவியன் தோமஸ் என்னும் கறுப்பினத்தவர். ஆய்வுகூடத்தில் நாய்களில் அம்முறையைப் பரிசோதித்துச் செம்மைப்படுத்தியவர் அவரே. மருத்துவப் பட்டம் பெறாத அவர், முன்னர் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடப் பணியாற்றியபோதும் துப்புரவுத் தொழிலாளியாகவே பதியப்பட்டு, அதற்குரிய கூலியே பெற்றார். 1945இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையின் ஆசிரியர்களாகப் பிளலொக், ஹெலன் டௌசிக் ஆகிய இருவரின் பெயர்களே இடம்பெற்றன.

அக்கட்டுரை எத்துணை முறை மேற்கோள் காட்டப்படினும் தோமஸின் கணக்கிற் சேர்வது பூச்சியமே. அவரிடம் கைத்திறன் பயின்ற சத்திரசிகிச்சை நிபுணர்கள் 1971இல் அவரது உருவப்படத்தை அம்மருத்துவமனைக்கு அளித்தனர். 1976இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. இம்மதிப்பீட்டை வழங்கியது மேற்கோட் கணக்கன்று. அவரது உழைப்பை நேரிற் கண்டறிந்தவர்களின் சாட்சியமேயாகும்.

மறுபுறம், முற்றாக ஏற்கப்பட்ட உண்மையும் மேற்கோளிலிருந்து மறைந்துவிடுகின்றது. 1867இல் ஜோசப் லிஸ்டர் வெளியிட்ட கிருமியழிப்பு முறை சத்திரசிகிச்சையையே மாற்றியது. இன்று காயத்தைத் தூய்மைப்படுத்தும் எவரும் அவரது கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை.

மேற்கோட் கணக்கு முற்றாகப் பயனற்றது என்பது எமது வாதமன்று. துறைத்தலைவரின் தனிப்பட்ட விருப்புவெறுப்புக்கு அது ஓரளவு தடையாகலாம். ஆயினும் எண், ஏட்டிற் பதிந்த பெயரை மட்டுமே காண்கின்றது. அப்பெயரை யார் பதியலாம் என்பதைத் தீர்மானிக்கும் சமூக அதிகாரத்தை அது காண்பதில்லை. ஆகவே, ஏட்டில் இடம்பெறாத உழைப்பைத் தேடிக் காண்பது மதிப்பிடுவோரின் கடமையாகும்.