நடைபாதை யாருடையது? - தனியுடைமையும் பேச்சுரிமையும்

பேச்சுரிமையின் வரலாறு பெரும்பாலும் அரசுக்கும் குடிமகனுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், மக்கள் கூடும் இடமே தனியாரின் உடைமையாக இருக்குமாயின், அங்கு பேசுவோனின் வாயை அடைக்கும் உரிமை உடைமையாளனுக்கு உண்டா? இன்று இணையத்தளங்களை முன்னிட்டு எழுப்பப்படும் இவ்வினா, ஐக்கிய அமெரிக்காவின் சிற்றூரொன்றில் எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்ததாகும்.

அலபாமா மாநிலத்துச் சிக்கசோ என்னும் ஊர், கப்பல் கட்டும் கம்பனியொன்றுக்கு முற்றாக உரியதாயிருந்தது. வீடுகள், தெருக்கள், கடைவீதி யாவும் கம்பனியின் சொத்து. காவல் புரிந்த அதிகாரிக்குச் சம்பளம் வழங்கியதும் கம்பனியே. 1943இல் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த கிறேஸ் மார்ஷ் என்னும் பெண்மணி, தபாற்கந்தோருக்கு அருகே நடைபாதையில் நின்று சமயப் பிரசுரங்களை வழங்கினார். அகலுமாறு பணிக்கப்பட்டும் மறுத்தமையால் அத்துமீறற் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். 1946இல் உயர் நீதிமன்றம் ஐவருக்கு மூவர் என்ற பெரும்பான்மையால் அத்தண்டனையை நீக்கியது. உடைமையாளன் தன் நிலத்தைப் பொதுமக்களுக்கு எவ்வளவுக்குத் திறந்துவிடுகின்றானோ, அவ்வளவுக்கு அவனது உரிமை மக்களின் உரிமைகளால் வரையறுக்கப்படும் என்பது நீதியரசர் ஹியூகோ பிளக்கின் வாதமாகும்.

இக்கோட்பாடு காலப்போக்கில் சுருங்கியது. போட்லண்ட் நகரக் கடைத்தொகுதியொன்றில் வியட்நாம் போருக்கு எதிரான துண்டுப்பிரசுரம் வழங்கியோர் தடுக்கப்பட்ட வழக்கில், 1972இல் அதே நீதிமன்றம் உடைமையாளன் பக்கம் நின்றது. வெளியே பொதுத்தெரு உண்டு என்பது அது காட்டிய காரணங்களுள் ஒன்று. 2020இல் யூரியூப் தளத்துக்கு எதிரான வழக்கில், தளம் யாவருக்கும் திறந்திருப்பதனால் மட்டும் அரசுக்குரிய கடப்பாடு அதனைச் சாராது என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 2024இல் உயர் நீதிமன்றப் பெரும்பான்மையினர், பிறர் பதிவுகளைத் தெரிந்து ஒழுங்குபடுத்துவதும் தளத்தின் பேச்சுரிமையுள் அடங்கும் எனக் கருத்துரைத்தனர்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கலாகாது. எதனை வெளியிட வேண்டும் என ஆணையிடும் அதிகாரம் அரசிடம் செல்லுமாயின், பழைய தணிக்கையாளன் புதிய வாயிலால் நுழைவான். எனினும், சிக்கசோவில் ஊர்த் தெருக்கள் யாவும் கம்பனிக்கே உரியன, போட்லண்டில் வெளியே பொதுத்தெரு இருந்தது. இணையத்தில் வெளியேற்றப்பட்டவனுக்கு வேறு தளங்கள் உண்டுதான். கேட்போர் அனைவரும் பழைய தளத்திலேயே இருப்பின் ஆளற்ற அத்தெருவால் அவனுக்குப் பயன் யாது?

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிற்றல் சேவைகள் சட்டம், பதிவை நீக்குந் தளம் காரணம் கூறவும், பெருந்தளங்கள் முறையீட்டை ஆராயவும் வேண்டுமென விதிக்கின்றது. இஃது முழுத் தீர்வன்று. ஆயினும், தனியுடைமையை அரசுடைமையாக்காமலே உடைமையாளனைப் பதில் சொல்ல வைக்கலாம் என்பதற்கு இஃதொரு சான்றாகும். கிறேஸ் மார்ஷ் அம்மையாருக்கும் கிடைத்தது அதுவே: தம்மை அகற்றிய கம்பனியைக் காரணங் கேட்கும் ஒரு மன்று.