உடையும் உத்தியோகமும்



சென்ற மாதம் எனது பழைய மாணவன் ஒருவன் என் இல்லம் தேடி வந்தான். அரசாங்கத் திணைக்களம் ஒன்றிலே உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அவனுக்கு அழைப்பு வந்திருந்தது. பொது அறிவு பற்றியோ கடமை பற்றியோ அவன் ஏதும் கேட்டானல்லன். “சேர், நான் என்ன உடுத்துக்கொண்டு போவது?” என்பதே அவன் கேட்ட கேள்வி. சிறிய கேள்விதானே என்று விடை கூற வாயெடுத்தேன். ஆயினும் சற்றுத் தயங்கினேன். உத்தியோகம் தரும் ஆசனத்தின் முன் எவ்வாறு தோன்றுவது என்னும் இக்கேள்விக்கு நீண்ட சரித்திரம் உண்டு. அதனை முதலிற் கூறி, அவனுக்கு நான் சொன்ன விடையைப் பின்னர்ச் சொல்வேன்.

மரியாதை என்பது எல்லா நாட்டிலும் உண்டு. அதனைக் காட்டும் முறைதான் வேறு. ஐரோப்பியர் பெரியோரைக் காணும்போது தொப்பியைக் கழற்றினர். காலிலே சப்பாத்து இருந்தது. நம்மவர் தலைப்பாகையை அணிந்தவாறே நின்றனர். பாதரட்சையை வாயிலிலே விட்டனர். இரு முறைகளும் தத்தம் நாட்டிலே தகுதியுடையனவே. ஆனால், ஒரு சாரார் ஆள்வோராயும் மறு சாரார் ஆளப்படுவோராயும் சந்தித்தபோது, எது மரியாதை என்பதை ஆசனத்தில் இருந்தவரே தீர்மானித்தனர்.

இந்தியாவிலே அம்ஹேர்ஸ்ட் பிரபு மகாதேசாதிபதியாய் இருந்த காலத்தில், தம் முன் வரும் இந்தியர் பாதரட்சையைக் கழற்றவேண்டுமென வற்புறுத்தினார். டல்ஹௌசி பிரபுவின் காலத்தில் இவ்வழக்கம் மேலும் இறுகியது. 1854ஆம் ஆண்டிலே வங்காளத்தில் ஒரு சலுகை வந்தது. ஐரோப்பியப் பாணியிற் சப்பாத்து அணிந்து வருவோர் அதனைக் கழற்றவேண்டியதில்லை என்பதே அது. இச்சலுகையின் உட்பொருளைக் கவனியுங்கள். காலிலே தோல் இருப்பது குற்றமன்று. அத்தோல் எந்த நாட்டுப் பாணியிலே தைக்கப்பட்டது என்பதே கேள்வி! அன்னியர் உடையைப் புனைந்தவனுக்கு வாயில் திறந்தது. தன் முன்னோர் உடையுடன் வந்தவனோ வெறுங்காலுடன் நிற்கவேண்டியிருந்தது.

1862ஆம் ஆண்டிலே சூரத் நகர நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி என்ட்டி என்பவர் இதனை எதிர்த்தார். அவர் அம்மன்றத்திலே மதிப்பீட்டாளராகக் கடமையாற்றியவர். பாதரட்சையைக் கழற்றுமாறு நீதிபதி பணித்தார். அதுவே இந்திய முறைப்படியான மரியாதை என்றும் கூறினார். மானக்ஜி இணங்கவில்லை. அவர் உட்புகுதல் தடுக்கப்பட்டது. அவரோ பம்பாய்த் தேசாதிபதிக்கு முறையீடு அனுப்பினார். அவர் பக்கத்து நியாயம் தெளிவானது. இந்தியர் தம் வீட்டிலும் வழிபாட்டிடத்திலும் பாதரட்சையை நீக்குவது உண்மையே. தெருவின் அழுக்கு உள்ளே வராதிருத்தற்பொருட்டும், தோல் தூய்மையற்றது என்னும் எண்ணத்தினாலும் அவ்வாறு செய்தனர். நீதிமன்றமோ வீடுமன்று, கோயிலுமன்று, அது பொதுவிடம். அங்கே இவ்வழக்கத்தைப் புகுத்துவது மரியாதையைக் கேட்பதன்று; தாழ்மையைக் கேட்பதாகும். இக்கேள்வி தீர்வதற்குப் பல்லாண்டுகள் சென்றன.

காலுக்கு நேர்ந்தது தலைக்கும் நேர்ந்தது. 1893ஆம் ஆண்டு மே மாதத்திலே தென்னாபிரிக்காவின் டர்பன் நகரை அடைந்த காந்தியடிகள், தலைப்பாகையுடன் நீதிமன்றத்தினுள் அமர்ந்திருந்தார். அதைக் கழற்றுமாறு நீதவான் கூறவே, அவர் மறுத்து வெளியேறினார். இவ்வவமானத்தைத் தவிர்க்க ஆங்கிலத் தொப்பி அணியலாமா என்று எண்ணியபோது, அவரை அழைத்திருந்த வணிகர் அப்துல்லா சேட் தடுத்தார். அத்தொப்பியை அணிந்தால் உணவுச்சாலைப் பரிசாரகன் என்றே உம்மைக் கருதுவர் என்றார் அவர். அடுத்த ஆண்டு, நாட்டால் உச்சநீதிமன்றத்தில் வழக்கறிஞராய்ச் சேர்ந்தபொழுது பிரதம நீதியரசரும் அவ்வாறே பணித்தார். இம்முறை காந்தியடிகள் தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். நண்பர்கள் வருந்தினர். அவரோ, தம் வலிமையைப் பெரிய போராட்டங்களுக்கெனப் பேணிக்கொள்ள விரும்பினார். முன்பு மறுத்தவரும் பின்பு இணங்கியவரும் ஒருவரே. எங்கே வளைவது, எங்கே நிமிர்வது என்பதை அறிந்து செய்தமையால் இரண்டிலும் அவர் மானம் குறையவில்லை.

நம் இலங்கையிலே நோய் வேறு உருவில் வந்தது. இங்கே ஆங்கிலங் கற்று உத்தியோகம் பெற்றோர், எவரும் வற்புறுத்தாமலே, வெப்பமிகு கொழும்பிலும் கம்பளிக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாய் வியர்வையில் நனைந்தனர். 1905ஆம் ஆண்டிலே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களைத் தலைவராகக் கொண்டு இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. பொருத்தம் பாராது ஐரோப்பிய நடையுடைகளைப் பின்பற்றுதலை அச்சங்கம் கண்டித்தது. குமாரசுவாமி அவர்கள் தாமே அரசாங்கக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைமைப் பதவியில் இருந்தவர், தாய்வழியில் ஆங்கிலேயர். ஆதலின் அன்னியர்மேற் கொண்ட வெறுப்பு அவரைப் பேசவைக்கவில்லை. தன் உடையை இழிவென்று கருதுபவன் தன்னையும் இழிவென்று கருதத் தொடங்குவான் என்னும் அச்சமே பேசவைத்தது எனலாம்.

இதுவரை உடையைக் கண்ட ஆசனங்களைப் பற்றிச் சொன்னேன். ஆளைக் கண்ட ஓர் ஆசனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1910ஆம் ஆண்டளவில், நெல்லூரிலே கலெக்டராய் இருந்த இராமச்சந்திர ராவ் அவர்களைக் காண ஓர் இளைஞர் சென்றார். குட்டையான பருத்த உடல்; சவரஞ் செய்யாத முகம்; உடையிலும் தூய்மை போதாது; கையிலே நைந்த குறிப்புப் புத்தகம். ஆனால் கண்கள் மட்டும் ஒளிவீசின. இவ்விவரங்களை எல்லாம் ராவ் அவர்களே பின்னாளில் எழுதிவைத்தார். அவ்விளைஞரே கணித மேதை இராமாநுஜன். குறிப்பேட்டில் இருந்தது முதலில் ராவ் அவர்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் அவர் தோற்றங் கண்டு அனுப்பிவிடவில்லை; மீண்டும் மீண்டும் வரச்செய்து கேட்டார்; உண்மையை உணர்ந்து மாதந்தோறும் பொருளுதவி செய்தார். 1912ஆம் ஆண்டிலே சென்னைத் துறைமுக அலுவலகத்தில் முப்பது ரூபாச் சம்பளத்தில் இராமாநுஜனுக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்தது.

அவர் வாழ்விலும் உடை ஒரு விலை கேட்டது. 1914ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் குடுமியைக் களைந்து, காற்சட்டையும் கோட்டும் பூணவேண்டியதாயிற்று. அக்கோலத்தைத் தாயும் மனைவியும் காணலாகாதென்று அவர்களை முன்னரே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். கேம்பிரிட்ஜிலும் சப்பாத்து அவர் காலுக்கு இசைந்து வரவில்லை.

இவை பழங்கதைகள் அல்ல. 2019ஆம் ஆண்டு மே மாதம், நம் நாட்டு அரசாங்க அலுவலகங்களிற் பணியாற்றும் பெண்கள் சேலையோ ஒசரியோ அணிதல் வேண்டுமெனச் சுற்றறிக்கை வந்தது. அபாயா அணியும் முஸ்லிம் பெண்கள் அதனால் இடருற்றனர். எதிர்ப்பு எழவே அது விரைவில் மாற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, தகுந்த எளிய உடையுடன் கடமைக்கு வரலாமென வேறொரு சுற்றறிக்கை இடந்தந்தது. அவ்வாண்டின் இறுதியில், ஆசிரியைகள் சேலையே அணியவேண்டுமா என்னும் விவாதம் நாடெங்கும் நிகழ்ந்தது.

இனி என் கதை. 1990களின் முற்பகுதியிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருள். எனது முதல் நேர்முகப் பரீட்சைக்கென அம்மா பனம்பழக் களியிலே என் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, சிரட்டைக்கரி இட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கித் தந்தார். பெரியப்பாவின் மகனுடைய சப்பாத்தை, முன்புறத்திலே கடதாசி அடைத்து அணிந்து சென்றேன்.

அவ்வாறு சென்ற நானே, பல ஆண்டுகளின் பின் ஆசிரியர் தெரிவுக் குழுவொன்றில் அமர்ந்திருந்தேன். ஓர் இளைஞர் இறப்பர்ச் செருப்புடன் வந்தார். ‘தோற்றம்’ என்னும் கூட்டிலே ஐந்துக்கு ஒன்று இட்டேன். அவர் தெரிவாகவில்லை. பின்னொரு மழைக் காலத்தில் அவருடைய ஊருக்குச் செல்ல நேர்ந்தது. வள்ளத்திலே சென்று, முழங்காலளவு சேற்றிலே இறங்கவேண்டியிருந்தது. என் சப்பாத்தைக் கையிலே தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த ஒற்றைப் புள்ளியை இன்றளவும் நான் மறந்தேனல்லேன். சூரத் நீதிபதியைக் குறைகூறும் தகுதி எனக்கு உண்டோ என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

நேயர்களே, என் மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: “தம்பி, தோய்த்து மினுக்கிய சட்டை போதும். வேட்டியாயினும் காற்சட்டையாயினும் உனக்குப் பழகியதை அணிந்து போ. கடன்பட்டுக் கோட்டு வாங்காதே. உடையைப் பற்றிய நினைவு வாயிலோடு நின்றுவிடவேண்டும்; உள்ளே கேள்வியைப் பற்றிய நினைவே இருத்தல் வேண்டும்.”

அவன் வணங்கிச் சென்றான். அவனை வினவப்போகும் பெரியோர்க்கும் ஒரு சொல் உண்டு. உடை, அவன் எத்தகைய வீட்டிலிருந்து வருகின்றான் என்பதைக் கூறும். எத்தகைய வேலை செய்வான் என்பதைக் கூறாது. ஆதலின், புள்ளி இடுமுன் கேள்வியை ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.