உப்புக்காற்றும் ஓட்டைக் காரும்

சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைவராக 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கை இன்று பலரும் ஒரே காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்: கணிதமேதை ராமானுஜன் அவரிடம்தான் குமாஸ்தாவாக இருந்தார். மோட்டார் பிரியர்களுக்கு அவரை வேறு கணக்கில் தெரியும். சென்னை நகரத்தில் கார்களுக்கு எண் கொடுக்கத் தொடங்கியபோது 'எம்.சி. 1' என்ற பலகை ஏறியது அவருடைய காரில்தான். 'எம்.சி. 3' கட்டடக் கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியாருக்குப் போனது.

முதல் எண் காரின் சொந்தக்காரர் துறைமுகத்துக்காரராக இருந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. வடசென்னையில் கார்களுக்கு முதல் எதிரியை உண்டாக்கியதே அந்தத் துறைமுகம்தான். 1870-களில் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதும், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் வழியிலேயே தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது; வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் தின்றது. கருங்கல்லைக் கொட்டித்தான் அலையை நிறுத்தவேண்டி வந்தது. மற்ற ஊர்களில் கடற்கரைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மணல்வெளியாவது இருக்கும். இங்கே அலை பாறையில் மோதினால், எதிர்ச்சாரியில் நிற்கிற காரின் கண்ணாடியில் உப்புப் படியும்.

ஆரம்ப காலத்தில் அது யாருக்கும் பெரிய கவலையாக இருந்திருக்காது. கார் வைத்திருந்தவரிடம் டிரைவரும் இருந்தார், டிரைவரே மெக்கானிக். இரண்டாம் உலகப்போர்தான் நிலைமையைப் புரட்டிப் போட்டது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. காரின் பின்னால் ஒரு கரி உலையைக் கட்டி, கரிவாயுவில் ஓட்டும் முறை பரவியது. டி.வி.எஸ். நிறுவனம் இந்தக் 'கேஸ் பிளான்ட்'டுகளைச் செய்து விற்றது. கிளம்புவதற்கு முன்பே உலை மூட்ட வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும், வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். கார் வைத்திருந்தவர்கள் முதன்முறையாகத் தங்கள் கையைக் கரியாக்கிக்கொண்ட காலம் என்று அதைச் சொல்லலாம்.

விடுதலைக்குப் பிறகு காசிமேட்டிலிருந்து வடக்கே சில மைல் தொலைவிலேயே கார் தயாரானது. ரகுநந்தன் சரண் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே விட்டது. முதல் கார் வந்தது 1949-இல். நான்கு சிலிண்டர், 1200 சி.சி., சுமார் 40 குதிரைத்திறன். பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கும். எண்ணூரில் சேர்த்துப் பூட்டுவார்கள். ஆனால் நிறுவனத்தின் நாட்டம் சீக்கிரமே லாரிப் பக்கம் போய்விட்டது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. ஏற்கெனவே விற்றிருந்த ஆஸ்டின்கள் தாய்வீடு இல்லாத பெண்களாகத் தெருவில் நின்றன.

அந்த ஆஸ்டினில் ஒரு வில்லங்கம் இருந்தது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றையும் போல, பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். பின்னால் வந்த கார்களில் நெகட்டிவ். பழக்கதோஷத்தில் பேட்டரியைத் திருப்பி மாட்டினால் அம்மீட்டர் முள் தலைகீழாக ஓடும். டைனமோவின் காந்தமுனையை மறுபடி திருப்பாமல் சார்ஜ் ஒழுங்காக ஏறாது. விவரம் தெரிந்த சொந்தக்காரர்கள் பேட்டரிப் பெட்டியின் மூடியிலேயே பெயின்ட்டால் கூட்டல் குறி போட்டு வைத்தார்கள். யார் கைவைத்தாலும் தப்பாது.

1953-இல் சுங்கத்தீர்வை ஆணையம் கொடுத்த அறிக்கையையொட்டி, பாகங்களை இங்கேயே தயாரிக்கத் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் 1954-இல் மூட்டை கட்டின. மிஞ்சியவை மூன்றே பெயர்கள்: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதிய கார் கைக்கு வருவதற்குள் பழைய காரின் வயது இன்னும் ஏறிவிடும். அந்தக் காலத்து வண்டிகள் இரும்பு மாதிரி உழைத்தன என்று இப்போது எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வேறு வழியில்லாததால் ஆட்கள்தான் உழைத்தார்கள், வண்டி ஓடியது. அம்பாசிடரின் முன்சக்கர நிப்பிள்களுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைக் கார் எடுத்துக்கொண்டது என்பதுதான் நிஜம்.

அந்த ஞாயிறுகளில் பாதி, 'பாயின்ட்' என்ற ஒரு சின்னப் பொருளுக்குப் போனது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு உலோகப் பொட்டுகள். அவை பிரியும் நொடியில் காயிலில் மின்னழுத்தம் எகிறி, பிளக்கில் தீப்பொறி விழும். கடல் ஈரத்தில் இந்தப் பொட்டுகள் சீக்கிரம் கறுக்கும். காலையில் செல்ஃப் சுற்றும், ஆனால் வண்டி எடுக்காது. எடுத்தாலும், "மிஸ்ஸிங் அடிக்குதுபா" என்று பக்கத்து வீட்டுக்காரர் உள்ளேயிருந்தே சொல்லிவிடுவார். வைத்தியம் வீட்டிலேயே நடக்கும். மூடியைக் கழற்றி, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்ல உருட்டினால், கேமின் முனை வந்து பாயின்ட்டை முழுக்கத் திறக்கும். அங்கே நிறுத்தி, எமரி தாள் இருந்தால் அதால், இல்லையென்றால் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் இரண்டு தேய். தீப்பெட்டிக்கு அலைய வேண்டியதில்லை, விம்கோ தொழிற்சாலையே திருவொற்றியூரில்தான் இருந்தது. பிறகு திருகைத் தளர்த்தி, ஃபீலர் கேஜைச் செருகி, அம்பாசிடர் என்றால் 15 தௌ இடைவெளி வைத்து முடுக்க வேண்டும். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிளக்குக்கு 25 தௌ.

இதை ஏன் மெக்கானிக்கிடம் விடவில்லை? காசிமேட்டில் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அவர்களுடைய உலகம் டீசல். விசைப்படகுகள் பெருகியபோது, லாரியில் ஓடிய லேலண்ட் ஜாதி எஞ்சின்களே கடலுக்கு ஏற்றபடி மாற்றப்பட்டுப் படகில் இறங்கின. ரேடியேட்டர் போய், கடல்நீரால் குளிரும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வந்தது. மற்றபடி பம்பும் நாசிலும் லைனரும் லாரிக்காரனுக்குத் தெரிந்தவைதான். டீசலில் பிளக் கிடையாது, பாயின்ட் கிடையாது, கார்புரேட்டரும் கிடையாது. படகு எஞ்சினைக் காதால் கேட்டே எந்த சிலிண்டர் இழுக்கவில்லை என்று சொல்லிவிடுகிறவர், பெட்ரோல் காரின் கண்டென்சரைப் பார்த்துத் தலையைச் சொறிவார். ஆகவே லேத் வேலை, வெல்டிங், சிலிண்டர் போரிங் எல்லாம் வெளியே. மின்சார வேலை மட்டும் வீட்டில் என்று ஒரு பாகப்பிரிவினை தானாகவே ஏற்பட்டது. டாக்டரும் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டும் படகு முதலாளியும் டாக்சிக்காரரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே வகுப்பு.

சிலர் இந்தப் பிரச்சினையை அடியோடு தீர்த்தார்கள். அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, மட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். தமிழ்நாடு முழுக்க நடந்த வேலை அது. சத்தமும் புகையும் ஏறின, செலவு இறங்கியது. படகு மெக்கானிக்கும் இப்போது காரில் கைவைக்கலாம்.

சுற்றிலும் இருந்த தொழிற்சாலைகளின் துணையையும் சொல்ல வேண்டும். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. 1952-இல் அது இறங்கிய தொழில், தேய்ந்த டயருக்கு மறுபடி முகம் ஒட்டும் டிரெட் ரப்பர். முழு டயர் 1961-இல்தான் வந்தது. பழைய காரைக் காப்பாற்றிய பொருள்களில் ரீட்ரெட் டயருக்கு முக்கிய இடம் உண்டு. 1956 முதல் அதே திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் தயாரானது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் தெருவில் யாராவது பானெட்டைத் தூக்கி வைத்திருந்தால் சைக்கிளை நிறுத்தாமல் போகமாட்டார். உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை. பழைய மெக்கானிசப் புத்தகத்துக்கு, 1985-இல் எரிந்துபோகும் வரை, மூர் மார்க்கெட்.

வீட்டில் வேலை பார்ப்பதற்கென்றே பிறந்த கார் எது என்று கேட்டால், சென்னைக்காரர்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத்தான் சொல்ல வேண்டும். நகரத்தின் தென்கோடியில், வண்டலூர்ப் பக்கம், 1961 முதல் வந்த கார். அதன் பானெட் முன்பக்கம் கீல் வைத்தது. தூக்கினால் இரண்டு மட்காடும் சேர்ந்தே எழுந்துவிடும். எஞ்சின் முழுக்க வெளியே நிற்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக் கழற்றலாம். பாடியைத் துண்டு துண்டாக போல்ட்டில் பூட்டியிருந்தார்கள். அதற்கும் காரணம் உண்டு: இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டுக்குப் பாடி செய்து கொடுத்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது, முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், பல பட்டறைகளில் செய்து பூட்டும்படி வடிவமைத்தார்கள். அவர்களுடைய நெருக்கடி இங்கே வசதியாயிற்று. துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி டிங்கரிங் பட்டறைக்குக் கொடுக்கலாம்.

ஆனால் ஹெரால்டின் பலவீனமும் கடற்கரையில்தான் வெளிப்பட்டது. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கு கைகள் உள்ளிருந்து அரிக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும்போதே கீழே சுத்தியலால் தட்டினால் இரும்பு பொருக்காக உதிரும். கண்ணுக்குத் தெரிகிற துருவை விடத் தெரியாத துருதான் ஆளைக் கவிழ்க்கும் என்பதால், அனுபவசாலிகள் கார் வாங்கப் போனால் முதலில் தரைவிரிப்பைத்தான் தூக்கிப் பார்த்தார்கள். வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது, காய்ந்தபின் வடித்தெடுத்த பழைய எஞ்சின் ஆயிலை பிரஷ்ஷால் பூசுவது என்பது நடைமுறை. பிரேக் ஹோஸில் மட்டும் படக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். துருவைச் சுரண்டாமல் மேலே தகடு வைத்துப் பட்டி பார்த்தவர்கள் அடுத்த மழைக்காலத்திலேயே மறுபடி பட்டறை வாசலில் நின்றார்கள்.

மாருதி 1983 டிசம்பரில் வந்தது. பின்னர் பாயின்ட் போய் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது, கார்புரேட்டரும் போனது. ஃபியட்டாக இருந்த பிரீமியர் பத்மினி 2000-ஐ ஒட்டி நின்றது. கடைசி அம்பாசிடர் 2014-இல். 15 வருடம் கடந்த காரை மறுபதிவு செய்ய 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. இதற்கு மேலும் ஒரு அம்பாசிடரையோ பத்மினியையோ கடற்கரைத் தெருவில் வைத்திருப்பவர், விரும்பி வைத்திருக்கிறார் என்றே அர்த்தம்.

அவருக்கு இப்போதைய தலைவலி, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோசையும் பம்பின் டயஃப்ரத்தையும் ஊதவைக்கும். கார்புரேட்டரின் துத்தநாகக் கலவையை அரிக்கும். ஹோசுகளை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரை வடித்துவிட வேண்டியிருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துபோகிறது. மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக மாற்றி, எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கிறார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம், காப்பிப்பொடி நிறம் என்றால் மாட்டிவிடலாம்.